8 ஜிபி லேப்டாப்பில் 12 கோடி ரெக்கார்டு: மெமரி நிறையாமல் பெரிய கியூரி ஓட்டுவது எப்படி

எண்ணூர் விரைவு சாலையில் டிரெய்லர் ஓட்டும் எந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்: "நம்ம வண்டிங்க துறைமுகத்து ஜீரோ கேட் கியூவுல மொத்தம் எத்தனை மணி நேரம் நிக்குது? கணக்கு எடுத்துக் குடுப்பா." வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி 30 விநாடிக்கு ஒரு பதிவு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 வண்டி என்றால் ஒரு நாளைக்கு 5,76,000 பதிவு. ஏழே மாதத்தில் 12 கோடி. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் இந்த வேலை விழும். கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். கியூரியை, அதாவது தரவிடம் கேட்கும் கேள்வியை, தட்டினால் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் போடும், பிறகு மெமரி போதவில்லை என்று நின்றுவிடும்.

உடனே ரிச்சி தெருவுக்கு ரேம் வாங்கக் கிளம்ப வேண்டாம். தரவு மொத்தம் எத்தனை ஜிபி என்பதை விட, ஒரே சமயத்தில் அதில் எவ்வளவைப் பிடித்துவைத்திருக்கச் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அதைக் குறைத்துவிட்டால் இதே 8 ஜிபியில் வேலை முடியும். கீழே உள்ள வழி டக்டிபி என்ற டேட்டாபேஸ் நிரலை வைத்து எழுதியது. இலவசம், சர்வர் வேண்டாம், ஒரே நிரலாக இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் சர்வரில் தரவு இருப்பவர்களுக்குத் தனியாக 9ஆம் படி இருக்கிறது. கட்டளைகளின் பெயரை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு கட்டாயம்.

1. எப்படி நின்றது என்று பாருங்கள்

நிற்பதில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

டக்டிபியே "அவுட் ஆஃப் மெமரி எரர்" என்று செய்தி போட்டு நின்றால், அதற்குக் கொடுத்த அளவு தீர்ந்துவிட்டது, டிஸ்க்கில் இறக்கிவைக்கவும் வழி கிடைக்கவில்லை என்று பொருள். 5, 7, 8ஆம் படிகள் உங்களுக்கானவை.

லினக்ஸில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிரலே காணாமல் போனால், கொன்றது இயங்குதளம். டக்டிபி தன் வரம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே கணினியின் மொத்த ரேம் தீர்ந்திருக்கிறது. "டிமெசெக்" (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து) கட்டளையின் கடைசி வரிகளில் எந்த நிரல் கொல்லப்பட்டது என்று இருக்கும். இதற்கு வரம்பைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

செய்தி எதுவும் இல்லாமல் மவுஸ் கூட நகராமல் உறைந்துபோனால், விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கும் டிஸ்க்கில் இருப்பதை ரேமுக்கும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருக்கிறது. காத்திருந்து பயனில்லை. நிறுத்திவிட்டு வரம்பைக் குறையுங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் வைத்து ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அந்த லினக்ஸுக்கு இயல்பாகவே கணினியின் ரேமில் பாதிதான் கிடைக்கும். 8 ஜிபி இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே 4 ஜிபிதான் இருக்கும்.

2. தரவைத் தொடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

லேப்டாப்பில் நகல் எடுப்பதற்கு முன்னால் பொறுப்பானவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள்: எந்தத் தரவு, எதற்காக, எப்போது அழிப்பேன் என்று இரண்டே வரி போதும். ஓட்டுநர் பெயர், கைபேசி எண் இருக்கும் ஃபீல்டுகள் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. அவற்றை நீக்கிய நகலைக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அலுவலகத்துக்குப் பொறுப்பு வைக்கிறது என்பது ஒரு பக்கம். ஓட்டுநரின் நம்பர் ஊரெல்லாம் சுற்றக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கூடவே ஒவ்வொரு ஃபீல்டும் என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். நேரம் எந்த நேரம் என்பதை மறக்காமல் கேளுங்கள். ஜிபிஎஸ் தரவு பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் வரும். அலுவலக டிரிப் ரிஜிஸ்டர் இந்திய நேரத்தில் இருக்கும். இடையில் ஐந்தரை மணி நேரம். இதைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்தால் கியூரி அழகாக ஓடி முடியும், விடை மொத்தமும் தப்பாக இருக்கும்.

சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் திறந்து "சும்மா பார்த்துவிட்டு" சேவ் செய்யாதீர்கள். எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிக்கு மேல் இடமில்லை. மிச்சம் ஏறாது, சேவ் செய்தால் அது போனது போனதுதான்.

3. பேனாவால் ஒரு கணக்கு

எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான், அதிகம் மிச்சப்படுத்துவதும் இதுதான். உங்கள் ஃபைலில் 30 ஃபீல்டு இருக்கிறது, ஒரு ரெக்கார்டு சுமார் 250 பைட் என்று வைப்போம். 12 கோடி ரெக்கார்டுக்கு 30 ஜிபி. "செலக்ட் ஸ்டார்" (எல்லா ஃபீல்டும் வேண்டும்) போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் அத்தனையும் புரள வேண்டும்.

கேள்விக்கு உண்மையில் எது தேவை? வண்டி எண், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம். ஐந்து ஃபீல்டு. ஜிபிஎஸ் கம்பெனி அனுப்பும் நீளமான முகவரி ஃபீல்டுதான் ஃபைலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும், அது வேண்டாம்.

இப்போது ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று பாருங்கள்.

வண்டி எண்ணை எழுத்தாக வைத்தால் டக்டிபி அதற்கு 16 பைட் ஒதுக்கும். அதில் 12 பைட் வரை உள்ள சொல் உள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் முழுச் சொல்லையும் வேறிடத்தில் வைத்துவிட்டு, இங்கே நீளம், முதல் 4 பைட், அந்த இடத்தின் முகவரி ஆகியவற்றை வைக்கும். டிஎன், 04, இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்று இடைவெளி இல்லாமல் எழுதினால் 10 எழுத்து, உள்ளேயே அடங்கும். நடுவில் மூன்று ஹைபன் போட்டால் 13 ஆகி வெளியே போய்விடும். அந்த மூன்று ஹைபனுக்காக 12 கோடி முறை கூடுதல் இடம் செலவு. சில வரியில் ஹைபன், சில வரியில் இடைவெளி என்று கலந்திருந்தால் ஒரே வண்டி இரண்டு வண்டியாக எண்ணப்படும், அது இன்னும் மோசம். ஏற்றும்போதே "ரீப்ளேஸ்" போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னும் நல்ல வழி, வண்டி எண்ணை "ஈனம்" (இ, என், யு, எம் என்ற நான்கு எழுத்து) வகைக்கு மாற்றுவது: பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கும், ரெக்கார்டில் அதன் வரிசை எண் மட்டும் இருக்கும். 200 வண்டிதானே; ஒரு ரெக்கார்டுக்கு 1 பைட் போதும். இடப்பெயருக்கும் இதையே செய்யுங்கள், தமிழில் எழுதியிருந்தால் கட்டாயம் செய்யுங்கள். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்: "மணலி" 12 பைட், "ராயபுரம்" 24 பைட். தமிழில் வைப்பதை விட்டுவிட வேண்டாம், ஈனமாக வைத்தால் பெயர் ஒரு முறைதான் சேமிக்கப்படும்.

நேரம் 8 பைட். அட்சரேகை, தீர்க்கரேகையை இயல்பான "டபுள்" வகையில் விட்டால் தலா 8, "ஃப்ளோட்" ஆக்கினால் தலா 4. துல்லியம் போய்விடாதா என்றால், சென்னையின் தீர்க்கரேகை 80.3 பாகைப் பக்கம். அங்கே ஃப்ளோட்டின் மிகச் சிறிய படி ஒரு மீட்டருக்கும் குறைவு. வண்டியில் மாட்டிய ஜிபிஎஸ்ஸின் பிழையே சில மீட்டர் இருக்கும். ஆகவே நஷ்டமில்லை. வேகத்துக்கு 2 பைட் முழு எண் போதும்.

மொத்தம்: 1 + 8 + 4 + 4 + 2 = 19 பைட். 12 கோடிக்கு 2.28 ஜிபி. 30 ஜிபியில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

4. சிஎஸ்வியை பார்க்கே ஆக்குங்கள்

சிஎஸ்வியில் ஒரே ஒரு ஃபீல்டு வேண்டும் என்றாலும் மொத்த ஃபைலையும் படித்தாக வேண்டும். பார்க்கே வடிவத்தில் ஃபீல்டு ஃபீல்டாக அடுக்கியிருப்பதால் கேட்டது மட்டும் படிக்கப்படும். டக்டிபி எழுதும் பார்க்கேவில் இயல்பாக 1,22,880 ரெக்கார்டுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் மிகக் குறைந்த மதிப்பு, மிக அதிக மதிப்பு குறித்துவைக்கப்படும். ஒரு வாரத்து விவரம் கேட்டால் மற்ற வாரங்களின் கட்டைத் திறக்காமலே தாண்டிவிடும்.

மாற்றும்போது ஒரே மூச்சில் 30 ஜிபியையும் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு ஃபைலாக "காப்பி" கட்டளையால் மாற்றுங்கள். மாற்றும் இடத்திலேயே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, ஹைபனை நீக்கி, வகையைச் சுருக்கிவிடுங்கள். தொடங்கும் முன் "பிரிசர்வ்_இன்சர்ஷன்_ஆர்டர்" என்பதை "ஃபால்ஸ்" ஆக்குங்கள்; உள்ளே வந்த வரிசையிலேயே வெளியே எழுத வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டால் பிடித்துவைக்கும் அளவு நன்றாகக் குறையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஃபீல்டின் வகையை டக்டிபி தானாக ஊகிக்க முதல் 20,480 வரிகளைத்தான் இயல்பாகப் பார்க்கும். அதுவரை எண்ணாக வந்த வேக ஃபீல்டில் ஐம்பது லட்சமாவது வரியில் "நல்" என்றோ கோடோ வந்தால் அங்கே பிழை காட்டி நிற்கும். வகைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். "இக்னோர்_எரர்ஸ்" போட்டுத் தாண்டுவது வசதிதான், ஆனால் எத்தனை வரி தாண்டியது என்று தெரியாது. "ஸ்டோர்_ரிஜெக்ட்ஸ்" போட்டால் ஒதுக்கிய வரிகள் தனி டேபிளில் சேரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதையே பயன்படுத்துங்கள்.

5. வரம்பைக் குறையுங்கள், திரெட்டையும் குறையுங்கள்

புதியவர்கள் மெமரி பிழை வந்ததும் வரம்பை உயர்த்துகிறார்கள். பல நேரம் குறைத்தால்தான் கியூரி முடியும். டக்டிபி இயல்பாக ரேமில் 80 சதவீதத்தைத் தன் வரம்பாக எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் அது 6.4 ஜிபி. ஆனால் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து ஏற்கெனவே 3 ஜிபிக்கு மேல் உட்கார்ந்திருக்கும். டக்டிபிக்கு அது தெரியாது, 6.4 இருக்கிறது என்று நம்பிக்கொண்டு டிஸ்க்கில் இறக்காமல் அடைத்துக்கொண்டே போகும். வரம்பை 4 ஜிபி என்று வைத்தால் நேரத்தோடு டிஸ்க்குக்கு இறக்கத் தொடங்கும். இந்த வரம்பும் முழு வேலி அல்ல: சில பாகங்கள் அதற்கு வெளியே மெமரி எடுக்கும். அதனால் ரேமில் 50 முதல் 60 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

தட்ட வேண்டியவை இவை:

செட் மெமரி_லிமிட் = '4ஜிபி';
செட் திரெட்ஸ் = 2;
செட் டெம்ப்_டைரக்டரி = 'டி:/டெம்ப்';
செட் மேக்ஸ்_டெம்ப்_டைரக்டரி_சைஸ் = '60ஜிபி';

திரெட் (ஒரே சமயத்தில் இணையாக ஓடும் வேலைக்கிளை) ஏன் 2? இயல்பாகக் கணினியில் எத்தனை கோர் உண்டோ அத்தனை திரெட் ஓடும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பங்கு மெமரி பிடிக்கும். 8 திரெட் 4 ஜிபியைப் பங்கு போட்டால் தலைக்கு அரை ஜிபி. 2 திரெட் என்றால் தலைக்கு 2 ஜிபி. ஒரு திரெட்டுக்கு 1 முதல் 4 ஜிபி என்பது நல்ல அளவு, ஜாயினுக்கு (இரண்டு டேபிளை இணைப்பதற்கு) அதில் அதிகப் பக்கம். வேகம் குறையும். பாதியில் நிற்பதை விட மெதுவாக முடிவது மேல்.

டெம்ப் டைரக்டரி எங்கே என்பதைக் கவனியுங்கள். ஃபைல் பெயர் கொடுக்காமல் டக்டிபியைத் திறந்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே டெம்ப் ஃபைல்களை எழுதும். அந்த ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்த டெஸ்க்டாப்பாக இருந்துவிட்டால், 40 ஜிபி தற்காலிகக் குப்பை அலுவலக இணையத்தில் மேலே ஏறத் தொடங்கும். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்போடு இணையாத தனி ஃபோல்டர், எஸ்எஸ்டியில், வரிசைப்படுத்தும் தரவின் இருமடங்காவது காலி இடம். பென்டிரைவ் வேண்டவே வேண்டாம்.

எப்போதும் ஒரு ஃபைல் பெயர் கொடுத்தே டேட்டாபேஸைத் திறங்கள். பெயரில்லாமல் திறந்து டேபிள் உருவாக்கினால் அந்த டேபிளே ரேமில் உட்காரும், அதுவும் சுருக்கப்படாமல்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்ப் ஃபோல்டரைத் திறந்துவைத்துப் பாருங்கள். ஃபைல்கள் வளர்ந்தால் நல்லது: இறக்கிவைக்கிறது. ஃபோல்டர் காலியாக இருந்து ரேம் மட்டும் ஏறினால் 8ஆம் படிக்குப் போங்கள்.

6. மெமரி பிழை போல வேடமிட்டு வரும் தப்பு ஜாயின்

"இவ்வளவு செய்தும் நிற்குதே" என்பவர்களுடைய கியூரியில் அநேகமாக இதுதான் இருக்கும்.

ஜிபிஎஸ் டேபிளில் ஒரு வண்டிக்கு ஏழு மாதத்தில் 6 லட்சம் பதிவு. டிரிப் ரிஜிஸ்டரில் அதே வண்டிக்கு நாளைக்கு இரண்டு என்று சுமார் 420 டிரிப். இரண்டையும் வண்டி எண்ணை மட்டும் வைத்து ஜாயின் செய்தால், ஒவ்வொரு ஜிபிஎஸ் பதிவும் ஒவ்வொரு டிரிப்போடும் சேரும். ஒரு வண்டிக்கு 25 கோடி ரெக்கார்டு. 200 வண்டிக்கு 5,040 கோடி. 8 ஜிபி இருந்தாலும் 80 ஜிபி இருந்தாலும் இது முடியாது. கடைசியில் "வேர்" போட்டு நேரத்தை வடிகட்டியிருக்கிறேனே என்றால், வடிகட்டுவதற்கே அத்தனை ஜோடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது "ஆஸ்ஆஃப் ஜாயின்". வண்டி எண் சமம், ஜிபிஎஸ் நேரம் டிரிப் தொடங்கிய நேரத்துக்குச் சமம் அல்லது பிந்தியது என்று கொடுத்தால், ஒவ்வொரு பதிவுக்கும் அதற்கு முன் தொடங்கிய டிரிப்புகளில் கடைசியாகத் தொடங்கிய ஒன்றை மட்டும் சேர்க்கும். 12 கோடி உள்ளே போனால் அதிகபட்சம் 12 கோடிதான் வெளியே வரும். டிரிப் முடிந்த நேரத்தைத் தாண்டிய பதிவுகளை அடுத்து நீக்கிவிடுங்கள்.

எந்த ஜாயினையும் முழுதாக ஓட்டும் முன் ஒரே ஒரு வண்டிக்கு ஓட்டி எண்ணிக்கை பாருங்கள். உள்ளே போனதை விட வெளியே வந்தது அதிகமாக இருந்தால் நிறுத்துங்கள்.

காத்திருந்த நேரத்தைக் கணக்கிடும்போது "வேகம் 3க்குக் கீழே உள்ள பதிவு எத்தனை, பெருக்கல் 30 விநாடி" என்று போடாதீர்கள். கருவி சில நேரம் சிக்னல் இழந்து பேசாமல் இருக்கும், பிறகு சேர்த்து அனுப்பும். "லீட்" போட்டு அடுத்த பதிவின் நேரத்தை எடுத்து வித்தியாசத்தைக் கூட்டுங்கள். வித்தியாசம் 5 நிமிடத்துக்கு மேல் போனால் அதைக் காத்திருப்பில் சேர்க்காமல், "தெரியவில்லை" என்று தனியாகக் கூட்டிக் காட்டுங்கள். கியூவில் நிற்கும் ஓட்டுநரின் நேரம் இது. ஊகத்தை உண்மையாக எழுதிவிடக் கூடாது.

7. துண்டு போடுங்கள், சரியான இடத்தில்

ஒரே கியூரிக்குள் வரிசைப்படுத்தல், ஜாயின், குழுவாக்கல், லீட் எல்லாம் வந்தால் ஒவ்வொன்றும் தனக்கு மெமரி கேட்கும். தனித்தனியாக டிஸ்க்கில் இறக்கத் தெரிந்தவை கூட ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போது திணறலாம். ஒவ்வொரு படியின் விடையையும் ஒரு பார்க்கே ஃபைலாக எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அதற்கும் மேல், தரவையே துண்டாக்கலாம். பலரும் மாதவாரியாக வெட்டுவார்கள். 31ஆம் தேதி இரவு கியூவில் நுழைந்து 1ஆம் தேதி விடிகாலை வெளியே வந்த வண்டி இரண்டு துண்டிலும் பாதிப் பாதியாகக் கிடக்கும், கணக்கு தப்பும். வண்டிவாரியாக வெட்டுங்கள். ஒரு வண்டியின் எல்லாப் பதிவும் ஒரே துண்டில் இருந்தால் விடை ஒரு விநாடி கூட மாறாது. எதைக் கொடுத்தாலும் அதற்கென ஒரு எண்ணைத் தரும் "ஹேஷ்" ஃபங்ஷனில் வண்டி எண்ணைக் கொடுத்து 16ஆல் வகுத்த மீதியை எடுங்கள். 16 துண்டு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 75 லட்சம் ரெக்கார்டு. கடைசி இலக்கத்தை வைத்து வெட்டலாமே என்று தோன்றும். முதலாளிகள் ஆசைப்பட்டு வாங்கும் நம்பர்களால் துண்டுகள் ஏறுக்குமாறாக இருக்கும்.

"பார்ட்டிஷன்_பை" போட்டு 16 ஃபோல்டராக ஒரு முறை எழுதிவைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு சுற்றும் தன் ஃபோல்டரை மட்டும் படிக்கும். நாள்வாரியாக வண்டிவாரியாக என்று ஆயிரக்கணக்கில் பிரித்துவிடாதீர்கள். எழுதும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் இடம் பிடிக்க வேண்டியிருப்பதால் அதுவே மெமரியைத் தின்னும், படிக்கும்போது சின்னச் சின்ன ஃபைலைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போகும்.

8. டிஸ்க்கில் இறங்காத ஃபங்ஷன்கள்

பல வரிகளின் மதிப்பை ஒன்றாகச் சேர்க்கும் "லிஸ்ட்", "ஸ்டிரிங்_ஏஜிஜி" இரண்டும் சேர்த்ததையெல்லாம் ரேமிலேயே வைத்திருக்கும். வரிகளை நெடுவரிசைகளாகத் திருப்பும் "பிவட்" உள்ளுக்குள் லிஸ்ட்டைப் பயன்படுத்துவதால் அதுவும் அப்படியே. முதலில் குழுவாக்கிச் சிறிதாக்குங்கள், கடைசியில் பிவட் போடுங்கள்.

நடு மதிப்பு கேட்டால் எல்லா மதிப்பையும் பிடித்துவைக்க வேண்டியிருக்கும். வேகம் போன்ற முழு எண்ணுக்கு அது தேவையே இல்லை. 0 முதல் 120 வரை ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை பதிவு என்று எண்ணுங்கள். 121 வரி வரும். மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள், மொத்தத்தில் பாதி எங்கே கடக்கிறதோ அதுவே நடு மதிப்பு. தோராயம் அல்ல, சரியான விடை. தரவு 12 கோடியோ 120 கோடியோ, மெமரி அதே 121 வரிதான்.

வேறுபட்டவை எத்தனை என்று எண்ண "அப்ராக்ஸ்_கவுண்ட்_டிஸ்டிங்ட்" மிகக் குறைந்த மெமரியில் ஓடும். அது தோராயம். பில் போடும் கணக்கில் பயன்படுத்தாதீர்கள்.

"ஆர்டர் பை" மட்டும் போட்டால் எல்லாமே வரிசைப்பட வேண்டும்; கூடவே "லிமிட் 100" போட்டால் முதல் நூறை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொண்டே போகும். பெரிய விடையைத் திரைக்கோ பைதானின் பாண்டாஸுக்கோ இழுக்காமல் காப்பி போட்டு ஃபைலில் எழுதுங்கள். டக்டிபி தப்பித்த இடத்தில் பாண்டாஸ் மாட்டிக்கொள்ளும்.

9. தரவு போஸ்ட்கிரெஸ் சர்வரில் இருந்தால்

அங்கே திறவுகோல் "வொர்க்_மெம்". இயல்பு மதிப்பு 4 எம்பி. இது ஒரு கியூரிக்கு அல்ல, கியூரிக்குள் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹேஷுக்கும், ஒவ்வொரு துணைப் பணியாளுக்கும் தனித்தனி. 256 எம்பி என்று வைத்தீர்கள், கியூரியில் மூன்று படி, தலைமையோடு சேர்த்து மூன்று பணியாளர்: 2,304 எம்பி. 15ஆம் பதிப்பிலிருந்து ஹேஷ் படிகளுக்கு இதில் இருமடங்கு வரை இயல்பாகவே அனுமதி உண்டு. எல்லாருக்கும் சேர்த்து கான்ஃபிக் ஃபைலில் உயர்த்தாதீர்கள். ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி அதற்குள் "செட் லோக்கல்" போட்டு உங்கள் கியூரிக்கு மட்டும் உயர்த்துங்கள்.

"எக்ஸ்பிளெயின் அனலைஸ்" போட்டால் "எக்ஸ்டர்னல் மெர்ஜ்" என்று டிஸ்க் அளவோடு வரும் இடம்தான் டிஸ்க்கில் இறங்கிய இடம். அது தப்பல்ல. ஆனால் "டெம்ப்_ஃபைல்_லிமிட்" இயல்பாக வரம்பில்லாதது; உங்கள் ஒரு கியூரி டிஸ்க்கை நிரப்பினால் பில்லிங் கவுண்டரில் இருப்பவருக்கும் சேர்த்து சர்வர் நின்றுவிடும். அட்மினிடம் சொல்லி ஒரு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்பிளெயின் அனலைஸ் கியூரியை உண்மையிலேயே ஓட்டும் என்பதை நினைவில் வையுங்கள். டெலிட், அப்டேட் முன்னால் அதைப் போட்டால் தரவு மாறிவிடும்.

பைதானில் "சங்க்சைஸ்" கொடுத்துவிட்டேன், ஆனாலும் லேப்டாப் ரேம் நிறைகிறதே என்றால் காரணம் இது: சர்வர் பக்கத்து கர்சர் இல்லாவிட்டால், பைதானையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கும் சைகோபிஜி2 முழு விடையையும் முதலில் இறக்கிக்கொண்டு, பிறகுதான் உங்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுக்கும். கர்சருக்கு ஒரு பெயர் கொடுங்கள். பிஎஸ்கியூஎல்லில் ஓட்டுபவர்கள் "ஃபெட்ச்_கவுண்ட்" வைத்துக்கொள்ளுங்கள்.

10. எத்தனை நேரம் ஆகும், எப்போது ஓட்டுவது

படிக்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். 30 ஜிபியை யுஎஸ்பி 2.0 வழியாக விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் படித்தால் சுமார் 17 நிமிடம். பழைய ஹார்டு டிஸ்க்கில் 120 எம்பி என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல். சாட்டா எஸ்எஸ்டியில் 500 எம்பி என்றால் ஒரு நிமிடம். டிஸ்க்கில் இறக்கி ஏற்றுவது இதே பாதையில் பல முறை நடக்கும், அதனால் டிஸ்க்கின் வேகம்தான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும். துண்டு போட்டிருந்தால் முதல் துண்டு எடுத்த நேரத்தை 16ஆல் பெருக்குங்கள், அதைவிட நல்ல கணிப்பு கிடையாது.

ராத்திரி ஓட்டிவிட்டுப் போவதானால் சார்ஜர் மாட்டி, தூங்கும் அமைப்பை "நெவர்" ஆக்கி, விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிவையுங்கள். பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை பகலில்தான் வரும். உங்கள் பகுதிக்கு எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டின் விடையும் தனி ஃபைலாக எழுதப்பட்டால் கரண்ட் போனாலும் போவது ஒரு துண்டுதான். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

11. இதற்கு மேலும் முடியாவிட்டால் செலவு

முதல் செலவு எஸ்எஸ்டி, ரேம் இரண்டாவது. இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுவதே பெரிய மாற்றம். எழுதி எழுதித் தேய்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்; அந்த அளவில் நல்ல வகைக்கு 300 டெராபைட் வரை எழுத வாரண்டி உண்டு. ஒரு நாளைக்கு 50 ஜிபி டெம்ப் எழுதினாலும் ஆண்டுக்கு 18 டெராபைட்தான்.

ரேம் வாங்கும் முன் லேப்டாப்பைத் திறந்து காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டிலேயே ஒட்டியதா என்று பாருங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், சீரியல் எண் எழுதிய பில் கேளுங்கள், கடையிலேயே மாட்டி கணினி அதைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மேகத்தில் (கிளவுடில்) ஒரு கணினியை மணிக்கணக்கு வாடகைக்கு எடுப்பதானால் மும்பை ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்: 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 30 ஜிபி சிஎஸ்வி ஏற 3 மணி 20 நிமிடம், அதையே 3 ஜிபி பார்க்கே ஆக்கினால் 20 நிமிடம். வேலை முடிந்ததும் கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது, அதோடு வந்த டிஸ்க்கையும் நீக்காவிட்டால் மாதாமாதம் பில் வரும். கூகுளின் பிக்கியூரியில் மாதம் 1 டெபிபைட் படிப்பது வரை கட்டணம் இல்லை. ஆனால் அங்கே "லிமிட் 10" போட்டாலும் சாதாரண டேபிளில் படித்த முழு அளவுக்கும் கணக்கு வைக்கும். ஃபீல்டைக் குறைத்தால்தான் செலவு குறையும்.

12. விடையைக் கொடுக்கும் முன்

16 துண்டின் ரெக்கார்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அது முதல் சிஎஸ்வியின் எண்ணிக்கையிலிருந்து ஒதுக்கிய வரிகளைக் கழித்ததற்குச் சரியாக இருக்க வேண்டும். ஒரு ரெக்கார்டு வித்தியாசம் என்றாலும் தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு ஏதாவது ஒரு வண்டியின் ஒரு நாளை எடுத்து, கியூவில் நின்ற நேரத்தைக் கையால் கூட்டி, அன்று ஓட்டிய டிரைவர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்: "அன்னைக்கு காசிமேடு தாண்டி எவ்வளவு நேரம்ணே நின்னீங்க?" அவர் சொல்வதும் உங்கள் விடையும் மணிக்கணக்கில் விலகினால், ஐந்தரை மணி நேரக் குழப்பத்தை மறுபடி பாருங்கள்.

கியூரி பாதியில் கொல்லப்பட்டிருந்தால் டெம்ப் ஃபோல்டரில் பழைய ஃபைல்கள் அப்படியே கிடக்கும். டக்டிபி ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவற்றை அழியுங்கள். மின்னஞ்சலில் சொன்ன தேதியில் மூல சிஎஸ்வி நகலையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அதே மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிடுங்கள்.